கட்டுத்தரைப் பொடி

சூரமங்கலத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, புதன்கிழமைதோறும் நீ அதற்குப் போக வேண்டும் என்று என் கணவர் வந்து சொன்ன அன்று, மனிதருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். யுத்த காலம். அவர் ரயில்வேயில் கூட்ஸ் குமாஸ்தா. நாங்கள் இரண்டு பேருமே நாமக்கல்லுக்கு மேற்கே தோட்டம், கிணறு, மாடு என்று இருந்த குடியானவக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர் நாலு எழுத்துப் படித்து உத்தியோகத்துக்கு வந்துவிட்டதால், கல்யாணமான மறுமாதமே ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றரை அறையில் குடித்தனம் வைத்தோம். எனக்கு அப்போது பதினெட்டு வயது. வயிற்றில் ஐந்து மாதம்.

"ஏனுங்க, புள்ளை பெக்கறதுக்குமா பாடம் படிக்கோணும்? எங்கம்மா எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க?" என்று கேட்டேன்.

"வகுப்புக்குப் போறவங்க பேரைத்தான் எழுதிக்குவாங்களாமா. பேர் இருந்தாத்தான் நர்ஸம்மா ஊட்டுக்கு வந்து பாப்பாங்களாமா," என்றார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

போனேன். முதல் நாளே வெலவெலத்துப் போனேன். டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு கூடம். பாயில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச்சுவரில் ஒரு படம். அதில் ஒரு பெண்ணின் வயிறு மட்டும் இருந்தது. தலையும் இல்லை, காலும் இல்லை. வயிறு தேங்காய் மூடி மாதிரி திறந்து கிடக்க, உள்ளே ஒரு பிள்ளை தலைகீழாக இருந்தது. பட்டப்பகலில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில், இப்படி ஒரு படத்தை மாட்டி வைத்திருக்கிறார்களே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"என்னத்துக்கு மூடுத? உன் வயித்துக்குள்ள இருக்கதுதான் அது. நல்லாப் பாத்துக்கோ," என்று ஒரு குரல் கேட்டது.

நர்ஸம்மா அவர்தான். பிரசவம் பார்ப்பதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர். திருநெல்வேலிப் பக்கம். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, மார்பில் குத்திய கடிகாரம், சுருக்கென்று தைக்கிற பேச்சு. ஒவ்வொருத்தியையும் எழுப்பி, கடைசியாக வீட்டுக்குத் தூரமான தேதியைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். கட்டிய புருஷனிடம்கூட நான் அந்தத் தேதியை வாய்விட்டுச் சொன்னதில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், சூரமங்கலம் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்து மருமகள், இது அவளுக்கு இரண்டாவது பிரசவம், "சும்மா சொல்லுங்க அக்கா, எல்லாருக்கும் இருக்கறதுதானே," என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள். அவளும் நானும் சிநேகமானது அப்படித்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷன்மாரும் வர வேண்டும். அந்தக் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வந்த ஆறேழு ஆண்களும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மா துணியில் தைத்த ஒரு பொம்மையை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் கழுத்தைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார். நூறு மூட்டைக்குக் கணக்குச் சொல்கிற என் கணவர் அதைக் கீழே போட்டுவிட்டார்.

"தரையில கெடக்கது உம்ம பிள்ளை. எடும்," என்றார் நர்ஸம்மா. அவர் எடுத்தார். வீடு வரும் வரைக்கும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்படி மூன்று நான்கு வாரம் போனது. கூச்சம் போய், புதன்கிழமை எப்போது வரும் என்று இருக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு வாய் அதிகம். கேள்வி கேட்டால் முதலில் நான்தான் பதில் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

அந்தப் புதன்கிழமைப் பாடம் தொப்புள்கொடி. பொம்மையின் வயிற்றில் ஒரு நாடாவைத் தைத்து வைத்திருந்தார். எங்கே கட்டுவது, எங்கே அறுப்பது, நூலையும் கத்திரியையும் எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது என்று காட்டிவிட்டு, "அறுத்த எடத்துல உங்க வீடுகள்ல என்ன வைப்பாங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்றார். ஒருத்தி அடுப்புச் சாம்பல் என்றாள். என் சிநேகிதி, விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்து வைப்பார்கள் என்றாள். என் முறை வந்தது. நான் எழுந்தே நின்றேன்.

எங்கள் வீட்டு வழக்கம் மற்ற வீடுகளைப் போல ஏனோதானோ என்று இருக்காது. மாடு கட்டுகிற இடத்தைக் கட்டுத்தரை என்போம். வீட்டில் நாலைந்து ஈற்றுக் கண்ட மூத்த பசு எதுவோ, அதன் காலடியில் மிதிபட்டு மிதிபட்டு மாவாகிக் கிடக்கும் மண்ணும் சாணத்தூளும் கலந்த பொடியை எடுக்க வேண்டும். வயசுக்கு வராத பெண்தான் எடுக்க வேண்டும். வெள்ளைத் துணியில் மூன்று தடவை சலித்து, பித்தளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தால், ஊர் மருத்துவச்சி அதைத் தொப்புளில் அப்பிக் கட்டுவாள். பசு போலப் பிள்ளை பலத்தோடு வளரும், பட்டி பெருகும் என்று அர்த்தம். என் தம்பிகள் இரண்டு பேர் பிறந்தபோதும் பொடி எடுத்துவந்தது நான்தான். இத்தனையையும் சொல்லி, "எங்கப்பா சொல்லுவாங்க, என்ற கை ராசியான கைன்னு," என்று முடித்தேன்.

நர்ஸம்மா பொம்மையைக் கீழே வைத்தார்.

"தம்பிங்க என்ன செய்யுதாங்க இப்போ?"

"இல்லீங்க. ரெண்டும் தங்கலீங்க."

"எந்த நாள்ல போச்சு?"

"பெரியவன் எட்டாம் நாள். சின்னவனும் எட்டாம் நாள்தானுங்க."

அவர் கையிலிருந்த நூலைச் சுருட்டி வைத்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், அந்தப் பொம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆறாம் நாள் வரைக்கும் நல்லாப் பால் குடிச்சிருக்கும். ஏழாம் நாள் காம்பைப் பிடிக்கத் தெரியாத மாதிரி அழுதிருக்கும். அப்புறம் வாய் தெறக்காது. தொட்டா, சத்தங் கேட்டா, ஒடம்பு வில்லா வளையும். இல்லியா?"

"எங்க ஊருக்கு வந்திருந்தீங்களா நீங்க?" என்று கேட்டேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி! ஆனால் வேறு எப்படி அவருக்குத் தெரிந்திருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த அறைக்குள் அன்று என் அம்மாவும் நானும் மருத்துவச்சியும்தான் இருந்தோம். அந்தச் சின்ன உடம்பு வளைந்ததை நாங்கள் மூன்று பேர்தான் பார்த்தோம்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். மாட்டுச் சாணமும் குதிரைச் சாணமும் விழுகிற மண்ணில் ஒரு விஷக்கிருமி இருக்கிறது. அறுத்த கொடி ஒரு பச்சைப் புண். அதன் வழியாக உள்ளே போனால் வேலையைக் காட்ட ஒரு வாரம் ஆகும். அதனால்தான் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. பட்சி தோஷம் என்பார்கள், செய்வினை என்பார்கள். பொடி வைத்த பிள்ளைகள் எல்லாம் சாவதில்லை. பத்துப் பிள்ளை பிழைத்துவிடுவதால் அந்த வழக்கம் நிலைத்து நிற்கிறது.

"ஒனக்கு வச்சாங்களா?" என்றார் திடீரென்று.

எனக்கு வைக்கவில்லை. அம்மா நிறைமாதத்துக்கு முன்னால் ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். போன இடத்தில் நான் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டேன். டவுன் வீடு, மாடு கிடையாது. யாரோ ஒரு அம்மாள் கொடியை அறுத்துச் சுத்தமான துணியைக் கட்டி விட்டாளாம். பொடி வைக்காத பிள்ளை என்று என் அம்மாவுக்கு வாழ்நாள் முழுக்கக் குறை. நான் எதிர்த்துப் பேசும்போதெல்லாம், "அந்தப் பொடி ஒண்ணு வெச்சிருந்தா இத்தனை வாய் இருக்காது உனக்கு," என்பாள். நாங்கள் எல்லாரும் சிரிப்போம்.

வகுப்பில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். "எங்க ஊட்டு வழக்கத்தைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்? ஏழு தலைமொறையா வெக்கறாங்க. வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க!" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். வேப்பமரத்தடிக் குழாயில் கையைக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியாது. கழுவிக்கொண்டே இருந்தேன். எட்டு வயதில் ஒரு தடவை, பத்து வயதில் ஒரு தடவை, இந்தக் கையால்தான் சலித்தேன். கட்டி எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று எவ்வளவு அக்கறையாகச் சலித்தேன்! தட்டைக் கொடுத்தபோது அம்மா வலியோடும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

என் சிநேகிதி பின்னாலேயே வந்து குழாயை மூடினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நம்ம உம்மாமாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? உங்க அம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க. அவங்க தாங்க மாட்டாங்க," என்றாள்.

அவள் சொன்னபோதுதான் அந்த இடி என் தலையில் முழுசாக இறங்கியது. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து விருந்து வைத்து என்னை அழைத்துப் போவார்கள். அங்கே கட்டுத்தரை இருக்கிறது, மூத்த பசு இருக்கிறது, என் சித்தப்பா வீட்டில் வயசுக்கு வராத பெண்ணும் இருக்கிறாள். பொடி வேண்டாம் என்று நான் சொன்னால் அம்மா ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், தன் இரண்டு பிள்ளைகளும் எதனால் செத்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் என் பிள்ளை. சொன்னால் என் அம்மா.

அவளை இன்னொரு காரியமும் பிடித்து வைத்திருந்தது. சின்னவன் வயிற்றில் இருந்த வருஷம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கத் தவறிவிட்டாள். அதனால்தான் தெய்வம் பிள்ளையை எடுத்துக்கொண்டது என்று குறிகாரன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எட்டு வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் அவள் பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் தொட்டதில்லை. பிறகு அவளுக்குக் கரு நிற்கவும் இல்லை.

நான் கோழைத்தனமான ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். பிரசவம் சூரமங்கலத்திலேயே, அதுதான் ரயில்வேச் சட்டம் என்று என் கணவரைக் கொண்டு ஒரு கடிதாசி எழுத வைத்தேன். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. அவர் மறுபேச்சுப் பேசாமல் எழுதினார். விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் வெளிறிவிட்டது. அவருக்கும் கூடப் பிறந்த ஒன்று எட்டாம் நாள் போயிருந்ததாம். நான் அதுவரை கேட்டதே இல்லை.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அம்மா வந்து இறங்கினாள். நாமக்கல்லிலிருந்து, பெட்ரோல் இல்லாமல் கரி எரித்து ஓட்டிய கரி பஸ்ஸில், வழியில் இரண்டு இடத்தில் இறக்கிவிட்டு ஏற்றி, உடம்பெல்லாம் கரியும் புழுதியுமாக வந்தாள். கூடையில் கட்டுச்சோறு, தலைக்குத் தேய்க்க அரப்பு, நெய்ச்செம்பு, பழைய வேட்டிகள். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"உங்க சட்டத்துல மாடு இருக்குதா? அதான் நானே எடுத்தாந்துட்டேன். உன்ற சித்தப்பம்புள்ளை சலிச்சுக் குடுத்தா. உன்ற அளவுக்குப் பதனமாச் சலிக்கலை அவ," என்றாள்.

அவள் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

மறுநாள் நர்ஸம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, என் அம்மா இங்கே இருக்கிற வரைக்கும் அந்தப் பாடத்தை எடுக்காதீர்கள் என்று கெஞ்சினேன். பிரசவத்தன்று பொடியை நானே ஒளித்துவிடுகிறேன் என்றேன்.

"நீ ஒளிச்சிருவ. உன் பிள்ளை பொழச்சிரும். ஒங்க அம்மா ஊருக்குப் போயி, சித்தப்பா வீட்டுல ஒரு பிள்ளை பெறந்தா என்ன செய்வா?" என்று கேட்டார். "உங்க வீட்டுக் கதைய நான் சொல்ல மாட்டேன். ஆனா பாடத்தை நிறுத்த மாட்டேன்," என்றார். அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். அவர் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

புதன்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அம்மாவா விடுவாள்? "புள்ளைத்தாச்சிக்குப் பள்ளிக்கூடமாமா! அதென்ன அதிசயம்னு நானும் பாக்கறேன், எந்திரி," என்று என்னைக் கிளப்பிவிட்டாள். முடிச்சையும் இடுப்பில் செருகிக்கொண்டாள். கையில் எடுக்காதே என்று எந்தச் சாக்கைச் சொல்வது? ஒன்றும் தோன்றவில்லை.

புதிதாக நாலு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். அதனால் நர்ஸம்மா அந்தப் பாடத்தையே மறுபடி எடுத்தார். உங்கள் வீடுகளில் என்ன வைப்பார்கள் என்ற கேள்வி வந்ததுதான் தாமதம், என் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். நான் எங்கிருந்து அந்த வாயைப் பெற்றேன் என்று அன்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வழக்கத்தை ஒன்று விடாமல் சொன்னாள். முடிச்சை அவிழ்த்துப் பொடியை எல்லாருக்கும் காட்டினாள். பழைய பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் சிநேகிதி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரிடமிருந்து நான் கேட்டிராத ஒரு மெதுவான குரலில், "அம்மா, இத வைக்கக் கூடாதும்மா. ஒக்காருங்க, சொல்லுதேன்," என்றார். யாரையும் குறிப்பிடாமல் சொன்னார். மண், கிருமி, பச்சைப்புண், ஏழாம் நாள், எட்டாம் நாள்.

நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அதில் அலட்சியம் இருந்தது. வாய் திறக்காது என்று நர்ஸம்மா சொன்ன இடத்தில் அது நின்றது. உடம்பு வளையும் என்று சொன்னபோது அவள் கண் இமைக்கவில்லை. பாடம் முடிந்து கூடம் அமைதியான பிறகு அவள் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, நல்லாக் காஞ்ச பொடியா இருந்தா?"

"காஞ்சாலும் சாகாதும்மா அது."

"மூணு தடவை சலிச்சிருந்தா?"

"சலிச்சாலும் இருக்கும்."

அம்மா பொடித் துணியின் ஓரத்தை மடித்தாள்.

"வயசுக்கு வராத புள்ளை கையால எடுத்தா?"

நர்ஸம்மா பொம்மையின் நாடாவைச் சுருட்டினார், பிரித்தார். "எந்தக் கையா இருந்தா என்னம்மா. கையில ஒண்ணும் இல்ல. மண்ணுலதான் இருக்கு," என்றார்.

அம்மா பொடியை மறுபடி முடிச்சுப் போட்டாள். எழுந்து நடந்தாள். வழியெல்லாம் நான் பின்னால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முடிச்சை அப்படியே அடுப்பில் போட்டாள். அது எரிந்து முடிகிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

அவள் அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்னைத் திட்டியிருந்தால் இன்னும் ஆறுதல். அவள் பேசவே இல்லை. சமைத்தாள், எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், துணி துவைத்தாள். கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொன்னாள். வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சோறும் பருப்பும் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டாள். நான் அடுக்களை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு வருஷ விரதத்தை அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்துக்கொண்டாள்.

அவள் என் கைகளைப் பார்க்கிறாள் என்று எனக்கு ஒரு பிரமை. காய் நறுக்கும்போது, பாத்திரம் எடுக்கும்போது, அவள் கண் என் விரல்களிலேயே இருப்பதாகத் தோன்றியது. இந்தக் கை என் பிள்ளைகளைக் கொன்ற கை என்று நினைக்கிறாளோ? நானும் அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை அந்த வகுப்புக்கு விட்டிருக்கக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. என் பிள்ளையைக் காப்பாற்ற என் தாயைத் தொலைத்துவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

வகுப்புக்குப் போய்வந்த பன்னிரண்டாம் நாள் காலையில் வலி கண்டது. நர்ஸம்மா பையோடு வந்தார். நூலையும் கத்திரியையும் கொதிக்க வைக்கிற வேலையை அம்மா யாரிடமும் விடவில்லை. போதும் என்று நர்ஸம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்த பிறகும் அவள் இறக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டுங்க," என்றாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, எதையும் தொடாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி அறை மூலையில் நின்றாள். மத்தியானத்துக்கு மேல் பிள்ளை பிறந்தது. பெண். கொடியை அறுத்து, கொதிக்க வைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணியை நர்ஸம்மா கட்டினார். அவ்வளவுதான். அந்த இடம் எனக்கே வெறுமையாகத் தெரிந்தது.

அதன் பிறகு நாங்கள் நாள் எண்ணினோம். இரண்டு பேரும் வாய்விட்டு எண்ணவில்லை. என் கணவர் வேலைக்குப் போகுமுன் பிள்ளையின் வாயை எட்டிப் பார்ப்பார். ஆறாம் நாள் நன்றாகக் குடித்தாள். என் தம்பிகளும் ஆறாம் நாள் நன்றாகக் குடித்தவர்கள்தான். ஏழாம் நாள் ஒரு தடவை காம்பை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பி அழுதாள். அம்மா ஓடி வந்து உட்கார்ந்து, சுண்டுவிரலைப் பிள்ளையின் வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். அவள் சப்பினாள். அம்மா விரலை எடுக்கவே இல்லை.

எட்டாம் நாள் விடிந்ததிலிருந்து அம்மா என் பாயை விட்டு நகரவில்லை. அடுப்புப் பற்றவைக்கவில்லை; என் கணவர் கடையிலிருந்து இட்லி வாங்கி வந்தார். காலையில் பிள்ளை குடித்தாள். பத்து மணிக்குக் குடித்தாள். மத்தியானம் கூட்ஸ் வண்டி ஒன்று வீடு அதிரப் போனது. சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டுக் கையை விரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள்மேல் குனிந்தோம். அவள் கொட்டாவி விட்டாள். வாயை அவ்வளவு பெரிதாகத் திறந்து, பல்லில்லாத ஈறெல்லாம் தெரிய, அலட்சியமாக ஒரு கொட்டாவி.

சாயங்காலம் வெயில் தணிந்த நேரத்தில் அவள் என் மார்பில் சத்தம் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இருபது நாளைக்குப் பிறகு அவளாகப் பேசினாள்.

"சாமி, உனக்கொண்ணு சொல்லோணும். அன்னைக்கு நீ எடுத்தாந்த பொடி இருக்குதல்ல, அதை வெக்கலை. தட்டு கை தவறிக் கொட்டிப் போச்சு. நீ வெளிய போயிட்ட, உனக்குத் தெரியாது. நானே எந்திரிச்சுக் கட்டுத்தரைக்குப் போயி வேற அள்ளியாந்து மருத்துவச்சிகிட்டக் குடுத்தேன். வெச்சது அதைத்தான்."

"பெரியவனுக்குங்களாம்மா?"

"ரெண்டு பேருக்குந்தான். ரெண்டு தடவையும் கொட்டிப் போச்சு. உன்ற கைக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல சாமி. எல்லாம் என்ற கைதான்."

அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் பிள்ளை பெற்று எட்டு நாள்தான் ஆகியிருந்தது. எழுந்து உட்காரவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பின்கட்டுப் பொடக்காலிக்குப் போக மூன்றாம் நாளும் அவள் தோள் வேண்டியிருந்தது. கொடி அறுத்த கையோடு எழுந்து கட்டுத்தரைக்கு நடந்து போனதாக அவள் சொல்கிறாள். இரண்டு தடவை.

"சரிங்கம்மா," என்றேன்.